இன்னும் 6 மணி நேரம்

பிப்ரவரி 3
ஜிம் டிரெய்னர் சர்ட்டிபிகேட்டைப் புதுப்பிக்க 20 மணி நேரப் பாடம் வேண்டும். 14 முடிந்தது. 28ஆம் தேதிக்குள் மீதி.

பிப்ரவரி 5
5 மணிக்குப் புதூர் ஜிம்மைத் திறந்து, 8 மணிக்குச் சாவியை ஓனர் அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். கோரிப்பாளையத்தில் பஸ் நகரவில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோ ஓபிக்கு இன்றும் தாமதம்.

ரூம்மேட் கேட்கிறான், "பிபிடி, பிசியோ டிகிரி முடிக்கப் போறவனுக்கு டிரெய்னர் சர்ட்டிபிகேட் எதுக்குடா? விட்டுரு." இந்த வருஷ ஃபீஸில் பாதி அந்த ஜிம் சம்பளம். விட்டால் மறுபடி பரீட்சையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிப்ரவரி 8
சிபிஆர் வகுப்பு, இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கும் முதலுதவி. இதற்கான அட்டை கையில் இல்லாமல் சர்ட்டிபிகேட்டைப் புதுப்பிக்க முடியாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு, 5 செ.மீ. ஆழம், 30க்கு 2 ஊதல். இரண்டாவது நிமிடத்திலேயே என் அமுக்கு மேலோட்டமாகிவிட்டது. அதனால்தான் ஆள் மாற்றச் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 11
ஓபிக்குப் பாலமேட்டுப் பையன் வந்திருந்தான். வாடிவாசலில் விழுந்து முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்து, ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். காலைத் தூக்கச் சொன்னால் முட்டி 10 டிகிரி தொய்கிறது. நான் பழக்கதோஷத்தில் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். எங்கள் பிசியோ மேடம் என் கையைப் பிடித்து அவன் முட்டிச் சிப்பிக்கு மேலே, உள்பக்கமாக வைத்தார்கள். "எண்ணாதப்பா. தசை எந்திரிக்குதான்னு பாரு." துண்டுச் சுருளை அவன் முட்டியால் அழுத்தினான். விரலுக்கடியில் மீன் குஞ்சு போல ஒரு துடிப்பு, உடனே அடங்கியது. மூன்று வருஷமாக ஜிம்மில் எத்தனை முட்டியைப் பார்த்திருக்கிறேன், இப்படித் தொட்டதில்லை.

"அடுத்த தைக்கு இறங்கிரலாமாண்ணே?" என்றான். 9 மாதமாவது போகட்டும், அப்புறம் பேசலாம் என்றேன்.

பிப்ரவரி 12
15½.

பிப்ரவரி 17
ஜிம்முக்கு வரும் சார் ஒருவர் தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிஃப்ட் பாதியில் கம்பியைப் போட்டுவிட்டார். இடுப்பிலிருந்து குதிகால் வரை இழுக்கிறதாம். "நீதான் பிசியோ படிக்கிறியே தம்பி, பாரேன்." படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தெரியும். கை குதிகால் வரை போய்விட்டது. எடுத்துக்கொண்டேன். ஓபியில் என் பின்னால் மேடம் நிற்கிறார்கள். இங்கே நான் டிரெய்னர், அவ்வளவுதான். டாக்டரைப் பாருங்க சார் என்றேன். "இதைச் சொல்லவா படிக்கிற?" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 18
வரவில்லை.

பிப்ரவரி 20
பாலமேட்டுப் பையனுக்குத் தொய்வு 5 டிகிரி! மூட்டுக் கோணம் அளக்கும் கோனியோமீட்டரை இரண்டு முறை வைத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 22
ராத்திரி 1 மணி. கடைசிப் பாடம், இடுப்பு வலி. 20 ஆகிவிட்டது, சந்தோஷமே இல்லை. காலில் இழுக்கும் வலியோடு சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது எனக்கு இரண்டாம் வருஷமே தெரியும். அவரிடம் கேட்கவில்லை. தொடாதது சரி. ஆனால் இதைச் சொல்லி அனுப்ப எந்த அட்டையும் வேண்டாமே.

பிப்ரவரி 23
மூன்று முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. வீடு ரிசர்வ் லைன் பக்கம் என்று ஓனர் அண்ணன் சொன்னார். நாளை ஜிம்மைத் திறப்பதற்கு முன்னால் போகிறேன்.