400 குழந்தைகளை எட்டு வருஷம் தொலைக்காமல் இருப்பது

குழந்தை வளர்ச்சியைப் பல வருஷம் பின்தொடரும் ஆய்வு என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த டெஸ்ட் வைக்கப் போறீங்க?" என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. இந்தக் குழந்தை அடுத்த மாசி மகத்துக்கு எந்த வீட்டில் இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 பிள்ளைகளோடு தொடங்கி வருஷத்துக்கு 5 சதவீதம் பேர் கைநழுவினால் எட்டாவது வருஷம் கையில் இருப்பது சுமார் 265 பேர். அதையே 2 சதவீதத்தில் பிடித்து நிறுத்தினால் 340 பேர் இருப்பார்கள். எண்ணிக்கை குறைவதைக்கூடச் சமாளித்துவிடலாம். போனவர்கள் யார் என்பதுதான் பெரிய தலைவலி. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோரோடு போன பிள்ளைகள், பதினோரு மாதத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுகிறவர்கள், அப்பா அம்மா பிரிந்து ஆயா வீட்டில் விடப்பட்டவர்கள். சொந்த வீடும் மாதச் சம்பளமும் உள்ள குடும்பங்கள் மட்டும் பேரேட்டில் மிஞ்சும். அதை வைத்து "பால்வாடிக்குப் போன பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்" என்று எழுதினால் அது பால்வாடியைப் பற்றிய முடிவே ஆகாது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலான்டியில் 1962ல் தொடங்கிய பெர்ரி பிரீஸ்கூல் ஆய்வில் மொத்தம் 123 ஏழைப் பிள்ளைகள்தான், அவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் பாலர் பள்ளிக்கு அனுப்பினார்கள். 40 வயதில், உயிரோடிருந்தவர்களில் 97 சதவீதம் பேரைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். பாலர் பள்ளிக்குப் போனவர்களுக்கு ஆரம்பத்தில் கூடியிருந்த ஐக்யூ, தொடக்கப் பள்ளி முடிவதற்குள் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. அந்த வயதில் கடையைக் கட்டியிருந்தால் "பயனில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். 40 வயதில் பார்த்தபோது சம்பாத்தியம் அதிகம், கைதாவது குறைவு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம் சுகாதாரப் பணியாளர்கள் போய், வீட்டுப் பொருளில் செய்த பொம்மைகளை வைத்து எப்படி விளையாடுவது என்று தாய்மார்களுக்குக் காட்டினார்கள். 20 வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளின் வருமானம், பணியாளர்கள் அப்படிப் போகாத வீட்டுப் பிள்ளைகளைவிட 25 சதவீதம் கூடுதல். வெளிநாட்டுக்குக் குடிபோனவர்களையும் துரத்திப் பிடித்ததால்தான் அந்தக் கணக்கை நம்ப முடிகிறது. நியூசிலாந்தின் டனீடினில் 1972-73ல் பிறந்த 1,037 பேரை, எந்த ஊரில் இருந்தாலும் செலவு கொடுத்து ஊருக்கு வரவழைத்துச் சோதிக்கிறார்கள்.

நம் கடலூர் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு, எல்லை. ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோயில் புதுச்சேரி. கடலூர்க்காரப் பெண்ணுக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் புதுச்சேரியில், வளர்வது மஞ்சக்குப்பத்தில். தமிழ்நாட்டுப் பள்ளியில் தந்த எமிஸ் எண் (மாணவர் பதிவு எண்) புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பள்ளிக்கு மாறினால் உதவாது. அரசு எண்ணை மட்டும் நம்பினால், ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் குடிபோன குழந்தைகூடக் காணாமல் போனதாகிவிடும். அதனால் நமக்கென்று தனி எண் கொடுத்து, அதன் கீழே தாய் சேய் நல அட்டை எண், ரேஷன் அட்டை எண், எமிஸ் எண் எல்லாவற்றையும் எழுத வேண்டும். கூடவே குழந்தையின் கூப்பிடு பேர். ஆதாரில் இருக்கும் பேரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது, "அப்பு வீடு எது?" என்றால் மூன்று பேர் கை காட்டுவார்கள்.

போன் எண் மூன்று வேண்டும்: அம்மாவுடையது, அம்மாவின் தாய் வீட்டில் ஒருவருடையது, அதே தெருவில் நிலையாக இருக்கும் ஒருவருடையது. அப்பாவின் ப்ரீபெய்டு எண்தான் முதலில் மாறும். இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா எந்த ஊருக்குப் போவார் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிவிட வேண்டும். நான்கு மாதத்துக்கு ஒரு தரம், எதையும் அளக்காமல் சும்மா விசாரிக்க ஒரு போன். இந்தச் செலவை பட்ஜெட்டில் முதலிலேயே எழுதாத ஆய்வு மூன்றாம் வருஷம் தடுமாறும்.

போகிற மாதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வருஷம் பிப்ரவரி, அடுத்த வருஷம் நவம்பர் என்றால், மழைக்காலக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் இளைத்த குழந்தையை நல்ல நாளில் அளந்த எடையோடு ஒப்பிடுகிறீர்கள். தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பேச வசதி. ஆனால் அப்போது எழுதும் உணவுக் கணக்கை அந்த வீட்டின் முழு வருஷத்துக் கணக்காக எடுத்துக்கொள்ளவே கூடாது.

உயரம் அளப்பதில் நடக்கும் பெரிய தப்பு இரண்டு வயதில் வருகிறது. அதுவரை படுக்க வைத்து அளக்கிறோம், பிறகு நிறுத்தி. ஒரே குழந்தை படுத்தால் நிற்பதைவிடச் சுமார் 0.7 செ.மீ. நீளம். இதைக் கழிக்காவிட்டால் இரண்டாவது பிறந்தநாளில் குழந்தை குட்டையானதுபோல் தெரியும். அளக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தலைமாட்டில், ஒருவர் காலடியில். குடுமியை அவிழ்த்துவிட வேண்டும். எடைக்கு முன் வெள்ளிக் கொலுசு, வளையல், தாயத்து எல்லாம் கழற்றணும். அம்மா மறுத்தால் வற்புறுத்தாமல், என்ன இருந்தது என்று குறித்துக்கொண்டு அடுத்த முறையும் அதேபோல் எடை போடுங்கள். இருவர் தனித்தனியாக எடுத்த நீளம் 0.7 செ.மீ.க்கு மேல் மாறினால் இருவரும் திரும்ப அளக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு வயதைத் திருத்தணும்: 32 வாரத்தில் பிறந்திருந்தால் இரண்டு வயது வரை எட்டு வாரம் கழித்துத்தான் கணக்கு.

எண்ணறிவுக்கு நான் அதிகம் நம்பும் சோதனைக்குப் பத்து புளியங்கொட்டை போதும். நான்கு வயதுப் பிள்ளை "ஒன், டூ, த்ரீ" என்று இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். வீட்டார் முகத்தில் பெருமை. கொட்டைகளைப் பாயில் பரப்பி "எனக்கு மூணு குடு கண்ணு" என்று கையை நீட்டுங்கள். பல பிள்ளைகள் கைகொள்ளும் அளவு அள்ளித் தருவார்கள். ஒன்று கேட்டால் ஒன்று சரியாக வரும், இரண்டும் வரலாம், மூன்றில் குவியல். அந்தக் குழந்தைக்கு எண்களின் வரிசை தெரியும், மூன்று என்றால் எவ்வளவு என்பது இன்னும் தெரியாது. ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை கேட்டு, இரண்டு முறையாவது சரியாக வந்தால்தான் தெரியும் என்று குறிக்கலாம். பக்கத்தில் இருக்கும் பாட்டி கண்ணால் ஜாடை காட்டுவார், அவரைக் குழந்தைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே புளியங்கொட்டை வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும். பெரிய மரக்கட்டைகள் போதும்.

நிறம் கேட்கும்போது ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து கையேட்டில் எழுதிவிட வேண்டும். நீல அட்டையைக் காட்டினால் இங்கே பாதி வீடுகளில் "ஊதா" என்றுதான் சொல்வார்கள், பெரியவர்களும் அப்படித்தான். ஒரு பணியாளர் அதைச் சரி என்றும் இன்னொருவர் தவறு என்றும் குறித்தால், மதிப்பெண்ணில் தெரியும் வித்தியாசம் குழந்தையுடையதாக இருக்காது. பத்துக் குழந்தைக்கு ஒருவரையாவது இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்துத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, அன்று சாயங்காலமே ஒப்பிட்டுப் பாருங்கள். வருஷாவருஷம் இதைச் செய்ய வேண்டும். பழகிய பணியாளர்தான் மெல்ல மெல்லத் தன் வழிக்கு நகர்ந்துவிடுவார்.