பெரியம்மாவுக்கு வந்த வரிப் பணக் குறுஞ்செய்தி

ஜூலை பிறந்தால் தென்னாப்பிரிக்காவில் வருமான வரிக் கணக்குக் காலம். வரித்துறையான சார்ஸ், பலருக்குத் தானாகவே கணக்குப் போட்டு, முடிந்துவிட்டது என்று குறுஞ்செய்தி அனுப்பும். மோசடிக்காரர்களும் அந்த நேரம் பார்த்துத்தான் வலை விரிக்கிறார்கள். உண்மையான செய்திக்காகக் காத்திருப்பவருக்குப் போலியும் உண்மையாகவே தெரியும்.

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் பெரியம்மா போன் செய்தார். "கண்ணு, சார்ஸ் எனக்கு 4,780 ராண்ட் திருப்பித் தருதாம். எந்த பேங்க்னு கேட்குது." எதையும் நிரப்பாதீங்க பெரியம்மா என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பிப் போனேன்.

போனை வாங்கிப் பார்த்தேன். செய்தியில் இருந்த லிங்க் ஒரு பக்கத்தைத் திறந்திருந்தது. மேலே சார்ஸ் சின்னம், கீழே பெரிய பேங்குகளின் சின்னங்கள் வரிசையாக. ஒன்றைத் தொட்டால் அந்த பேங்கின் பக்கம் மாதிரியே ஒன்று திறந்து, அட்டை எண்ணும் பின் நம்பரும் கேட்டது. நமக்குப் பணம் போட கணக்கு எண் போதும். பின் நம்பர் கேட்கிறவர் பணம் எடுக்க வந்தவர். சார்ஸ் எந்தச் செய்தியிலும் பேங்க் லிங்க் அனுப்பாது, பேங்க் விவரமும் கேட்காது.

முகவரியைப் பார்த்து முடிவுசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். அது மட்டும் போதாது. சார்ஸின் தளம் "கவ் டாட் இசட்.ஏ." என்று முடிகிறது, ஆனால் கணக்குத் தாக்கல் செய்யும் ஈஃபைலிங் தளம் "கோ டாட் இசட்.ஏ." என்றுதான் முடியும். அந்த இரண்டாவது வகை முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதனால் செய்தியில் வந்த லிங்க்கை விட்டுவிட்டு, ஈஃபைலிங் முகவரியை நானே தட்டி உள்ளே போனேன். பெரியம்மாவுக்கு வரவேண்டிய பணம் என்று அங்கே எதுவும் இல்லை.

அப்புறம் அவருடைய ஓய்வூதியச் சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். வரி பிடித்திருந்தால் ஐ.ஆர்.பி.5 தருவார்கள், பிடிக்காவிட்டால் ஐ.டி.3.ஏ. அவர் கையில் இருந்தது இரண்டாவது. 2025 பிப்ரவரியோடு முடிந்த வரியாண்டில், 65 வயதாகி 75 ஆகாதவர்களுக்கு 1,48,217 ராண்ட் வருமானம் வரை வரி கிடையாது. பெரியம்மாவின் வருமானம் அதற்குக் கீழேதான். கட்டாத வரி எப்படித் திரும்பி வரும்? இதைச் சொன்னதும்தான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. என்னைக் கேட்டால் எல்லாச் சோதனைகளிலும் இதுதான் உறுதியானது.

செய்தியைப் படம் பிடித்து சார்ஸின் மோசடிப் புகார் மின்னஞ்சலுக்கு அனுப்பினோம். ஈஃபைலிங்கில் அவருடைய கைபேசி எண்ணும் பேங்க் கணக்கும் மாறாமல் இருக்கிறதா என்றும் பார்த்தோம். ஈஃபைலிங் கணக்கையே கைப்பற்றி, பேங்க் எண்ணை மாற்றி, அடுத்தவர் பணத்தைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளும் கும்பல்களும் உண்டு.

மறுநாள் சார்ஸ் அதிகாரி என்று ஒருவர் பேசினார். குரலில் அவ்வளவு மரியாதை. போனுக்கு வரும் ஓ.டி.பி.யை வாசிக்கச் சொன்னார். பெரியம்மா போனை வைத்துவிட்டார்.

விவரம் எதையாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் முதலில் பேங்கின் மோசடிப் பிரிவை அழையுங்கள், அட்டையை முடக்கச் சொல்லுங்கள். போலீஸ் புகார் அதற்குப் பிறகு. அடையாள எண்ணும் போயிருந்தால் எஸ்.ஏ.எஃப்.பி.எஸ். என்ற மோசடித் தடுப்புச் சேவையில் பாதுகாப்புப் பதிவு செய்துவிடுங்கள், அது இலவசம். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டு வந்தால், அதன் உறுப்பினர்களான பேங்குகளுக்கு எச்சரிக்கை தெரியும்.