பேட்ச் குரூப் மட்டும் போதாது

கல்லூரி பேட்சுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் இருந்தால் எல்லாரோடும் தொடர்பில் இருப்பதாக ஒரு நினைப்பு வந்துவிடும். பேசுவது என்னவோ அதே நாலைந்து பேர்தான். மற்றவர்கள் மியூட்டில். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் துக்கம் என்பதெல்லாம் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும்.

முதலில் வேண்டியது ஒரு பட்டியல். கூகுள் ஷீட்டில் ரோல் நம்பர் வரிசையில் போடுங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், கல்யாணத்துக்குப் பிறகு சிலர் பெயரே மாறியிருக்கும். ரோல் நம்பர் மாறாது. அன்று கூப்பிட்ட பெயர், இப்போதைய பெயர், ஊர், போன், சொந்த மெயில் ஐடி, கடைசியாகச் சரிபார்த்த தேதி, இவ்வளவு போதும். ஆபீஸ் மெயில் ஐடி வேண்டாம், வேலையை விட்டால் அதுவும் போச்சு. போன் நம்பர் பத்தியை 'ப்ளெய்ன் டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டுத்தான் நம்பரை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் சைபர் காணாமல் போகும். எடிட் உரிமை இரண்டே பேருக்கு. யாராவது பெயர்ப் பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்தி வைத்தால் ஒருத்தர் நம்பர் இன்னொருத்தர் தலையில் ஏறிவிடும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் பல மாதம் ஓடியிருக்கும்.

தேதி எதற்கு? கைவிட்ட நம்பரை டெலிகாம் நிறுவனம் வேறு யாருக்காவது கொடுத்துவிடும். ரொம்ப நாள் பேசாத நம்பருக்கு எடுத்த எடுப்பில் குடும்ப விஷயம் அனுப்பாதீர்கள், ஆள் அவர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம்பர் மாற்றுகிறவர்கள் வாட்ஸாப் செட்டிங்ஸில் உள்ள 'நம்பரை மாற்று' வழியாகப் போனால் குரூப்புகளுக்குத் தானாகவே தகவல் போகும். பாதிப் பேர் புதுக் கணக்கு தொடங்கிவிடுகிறார்கள், பழைய நம்பர் குரூப்பில் ஊமையாகக் கிடக்கும்.

காணாமல் போனவர்களைத் தேட லிங்க்ட்இன் நல்ல இடம். கல்லூரிப் பக்கத்தில் முன்னாள் மாணவர் பகுதி இருக்கும், படித்த வருஷத்தைப் போட்டு வடிகட்டலாம். அங்கேயும் இல்லையா, ஹாஸ்டல் ரூம்மேட்டைக் கேளுங்கள். ஆனால் நம்பரை வாங்காதீர்கள். உங்கள் நம்பரைக் கொடுத்து அனுப்புங்கள், விருப்பம் இருந்தால் அவரே கூப்பிடுவார்.

அடுத்தது தனியாகப் பேசுவது. வாரம் ஒருத்தர் என்றால் வருஷத்துக்கு 52 பேர், ஏறக்குறைய ஒரு வகுப்பே முடிந்துவிடும். "எப்படி இருக்கே?" என்று ஆரம்பித்தால் "நல்லாருக்கேன், நீ?" என்பதோடு கதை முடிந்தது. "டேய், மாடித்தோட்டம் போட்டிருக்கியே, ஸ்டேட்டஸ்ல பாத்தேன். வெயிலுக்குத் தக்காளி தாங்குதா?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவான். இன்சூரன்ஸ் விற்கவோ கடன் கேட்கவோ போகிறீர்கள் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பத்து நிமிஷம் பழங்கதை பேசிவிட்டு அதை எடுப்பதைத்தான் யாரும் மன்னிப்பதில்லை.

மறைவுச் செய்தியை வீட்டாரிடம் கேட்டு உறுதி செய்யாமல் குரூப்பில் போடக் கூடாது. குரூப்பை விட்டுப் போனவரைத் திரும்பச் சேர்ப்பதும் வேண்டாம். பிறந்த நாளுக்கு ஒரு போன் போட்டால் போதும்.