மாடிப்படி ஏறினால் மங்கள வார்த்தை

புளோரன்ஸ் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டேவிட் சிலையைப் பார்க்கத்தான் போகிறார்கள். காலை எட்டரைக்கே அந்த வரிசை தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. நாங்கள் அதைத் தாண்டி நடந்து, அடுத்த சதுக்கத்தில் இருக்கும் சான் மார்க்கோ துறவுமடத்துக்குள் நுழைந்தபோது டிக்கெட் வாங்க எங்களுக்கு முன்னால் இரண்டே பேர்.

நாங்கள் என்றால் நானும் அக்காவும். அக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்து இருபது வருடம் ஆகிறது, இப்போது படிப்புக்காக ரோமில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், "வத்திக்கானைப் பாத்துட்டு அப்படியே ஊருக்குத் திரும்பிடாதடா, நீ படம் வரையிறவன், உனக்குன்னு ஒரு இடம் வச்சிருக்கேன்" என்று சொல்லி, விடியற்காலை ரயிலில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ரோமிலிருந்து ஒன்றரை மணி நேரம்.

படம் வரைகிறவன் என்று அவள் சொன்னதில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கிறது. திண்டுக்கல் பக்கத்தில் கோயில் திருவிழாக்களுக்கு பிளெக்ஸ் வடிவமைப்பதும், பீடத்துக்குப் பின்னால் தொங்கவிடுகிற துணிகளில் வரைவதும்தான் என் பிழைப்பு. மாதா, மாதாவைச் சுற்றி மேகம், மேகத்துக்குள் நாலு சம்மனசு, அதாவது வானதூதர்கள், பின்னால் ஒளிக்கதிர், கீழே வரிசையாக உபயதாரர்கள் போட்டோ. ஒரு இடம் காலியாக இருந்தால் "அங்க என்ன தம்பி, சும்மா கெடக்கு?" என்று கேட்பார்கள். நானும் ஒரு புறாவைப் பறக்க விடுவேன். இத்தனை வருடத்தில் நான் வரைந்த புறாக்களுக்குக் கணக்கே இல்லை.

சான் மார்க்கோவில் படம் வரைந்தவர் ஃப்ரா ஆஞ்சலிக்கோ. அது அவர் இறந்த பிறகு ஒட்டிக்கொண்ட பெயர், தேவதூதரைப் போன்ற சகோதரர் என்று பொருள். பெற்றோர் வைத்த பெயர் குயிதோ. கையில் தொழில் இருந்த ஓவியராகத்தான் தொமினிக் துறவற சபையில் சேர்ந்து, சகோதரர் ஜொவான்னி ஆனார். தொமினிக் என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது, சாமிநாதர் என்றால் தெரியும். 1436இல் இந்த மடம் சாமிநாதர் சபைக்கு வந்தது. பாழடைந்து கிடந்த கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்தவர் கோசிமோ தெ மெதிச்சி என்கிற வங்கி முதலாளி, கட்டியவர் மிக்கேலோஸ்ஸோ. சுவர் எழுப்பி முடிக்க முடிக்க, ஜொவான்னியும் அவருடைய உதவியாளர்களும் அறை அறையாக உள்ளே போய் வரைந்திருக்கிறார்கள். மேல்தளத்தில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நற்செய்திக் காட்சி.

கீழே நிறைய இருக்கிறது, ஆனால் அக்கா நிற்க விடவில்லை. "மொதல்ல மாடி."

படிக்கட்டு பாதியில் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் தலையை நிமிர்த்தினேன், எதிர்ச் சுவரில், இயேசு பிறக்கப்போகிற செய்தியோடு வந்த தூதர் கபிரியேல் மாதாவுக்கு முன்னால் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தார். இந்தப் படத்தைப் புத்தகத்திலும் காலண்டரிலும் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் படி ஏற ஏற அது நம் தலைக்கு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நம் உயரத்துக்கு வருகிறதே, அது எந்தக் காலண்டரிலும் வராது. வளைவுகள் வைத்த ஒரு தாழ்வாரம், இடதுபக்கம் வேலி போட்ட தோட்டம், மாதா உட்கார்ந்திருப்பது ஒரு சாதாரண மர முக்காலியில். சிம்மாசனம் இல்லை, லீலி மலர் இல்லை, புறாவும் இல்லை. இரண்டு பேரும் நெஞ்சின்மேல் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தூதரின் சிறகு மட்டும்தான் பல வண்ணம், பட்டுச்சேலைக்கு வரிசை வரிசையாகக் கரை பிடித்த மாதிரி.

படத்தின் அடியில் லத்தீனில் ஒரு வரி எழுதியிருக்கிறது. அக்கா படித்துச் சொன்னாள்: கன்னிமாதாவின் உருவத்துக்கு முன்னால் வரும்போது, 'வாழ்க' சொல்லாமல் கடந்து போய்விடாதே, கவனம். ஆக, துறவிகள் தூங்கப் போகும்போதும், நடுச்சாமத்தில் ஜெபத்துக்கு எழுந்து இறங்கும்போதும் இந்த வழியாகத்தான் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு மங்கள வார்த்தை, தூதரின் அந்த வாழ்த்தில் தொடங்குகிற ஜெபம், சொல்ல வேண்டும். படத்துக்கு வேலையே அதுதான்.

"சொல்லுடா" என்றாள் அக்கா. மியூசியத்தில் போய் ஜெபமா என்று கூச்சமாகத்தான் இருந்தது. 1869லிருந்து இது அருங்காட்சியகம், மூலையில் காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வாய்க்குள்ளேயே "அருள் நிறைந்த மரியே வாழ்க" சொன்னேன். அக்கா சத்தமாகவே சொன்னாள். காவலர் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு இது பழகிப்போயிருக்கும்.

அறைகள் சின்னவை. ஒரு கட்டிலும் மேசையும் போட்டால் நடக்க இடம் இருக்காது. ஒரு சன்னல், சன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மேலே வளைந்த சட்டத்துக்குள் படம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் சுவரில் இரண்டு சன்னல் இருக்கிற மாதிரி தெரியும், ஒன்று தெருப்பக்கம் திறக்கிறது, இன்னொன்று விவிலியத்துப் பக்கம் திறக்கிறது.

முதல் அறையில் நான் ரொம்ப நேரம் நின்றேன். உயிர்த்த இயேசுவும் மகதலா மரியாளும், யோவான் 20ஆம் அதிகாரம். மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள் என்று யோவான் எழுதியிருக்கிறார் இல்லையா, அதை இவர் அப்படியே எடுத்துக்கொண்டு ஆண்டவரின் தோளில் ஒரு மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டார். "என்னைத் தொடாதே" என்கிற கையும், தொட நீள்கிற கையும், நடுவில் கொஞ்சம் வெற்றிடம். கால்களுக்குக் கீழே புல்தரை, புல்லில் சின்னச் சின்னச் சிவப்புப் பூக்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அவை பூக்களே இல்லை. இதழ் இல்லை, காம்பு இல்லை, தூரிகை நுனியால் வைத்த சிவப்புப் பொட்டுகள், அவ்வளவுதான். அப்படியே கண்ணை நகர்த்தி ஆண்டவரின் கையையும் காலையும் பார்த்தேன். ஆணிக் காயமும் அதே சிவப்பு, அதே பொட்டு. காயத்தை வைத்த அதே கை, அதே மாதிரி தொட்டுத் தொட்டுத் தோட்டம் முழுக்க வைத்திருக்கிறது. நானாக இருந்தால் பூவைப் பூவாக வரைந்து, காயத்தில் ரத்தம் சொட்ட வைத்திருப்பேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "விதைச்சிருக்கார்டா" என்றாள். மண்வெட்டிக்கு அப்போதுதான் எனக்கு இன்னொரு அர்த்தம் கிடைத்தது.

மூன்றாவது அறையில் மறுபடியும் மங்கள வார்த்தைக் காட்சி, தூதரும் மாதாவும், ஆனால் மாடிப்படி உச்சியில் இருந்த தோட்டம்கூட இங்கே கிடையாது. வெறும் வெள்ளைச் சுவர், வளைவு, இரண்டு பேர், ஓரத்தில் தலையில் காயத்தோடு கைகூப்பி நிற்கிற ஒரு துறவி, சாமிநாதர் சபையைச் சேர்ந்த மறைசாட்சி பேதுரு. நாம் இருக்கிற அறையும் வெள்ளை, படத்துக்குள் இருக்கிற அறையும் வெள்ளை. எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

ஏழாவது அறைதான் என்னை உலுக்கியது. ஆண்டவரின் கண்ணைக் கட்டி, அடித்து, 'உன்னை அடித்தவன் யார், சொல் பார்க்கலாம்' என்று கேலி செய்கிற இடம். பெரிய வியாழன் இரவில் கோயிலில் இதை வாசிக்கும்போது நமக்கு ஒரு கூட்டமே மனசில் வரும், வேல், ஈட்டி, கூச்சல். இவர் சேவகர்களையே வரையவில்லை. பச்சைத் துணி தொங்குகிற பின்னணியில் வெள்ளுடையில் ஆண்டவர் உட்கார்ந்திருக்கிறார், அவரைச் சுற்றி அந்தரத்தில் கைகள் மட்டும். ஒன்று அறைய வருகிறது, ஒன்று குச்சியால் அடிக்கிறது. உடம்பில்லாத ஒரு தலை தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துகொண்டே துப்புகிறது. ஐந்நூற்று எண்பது வருடத்துக்கு முன்னால் வரைந்ததா என்று சந்தேகமே வந்துவிட்டது. யோசித்தால் கணக்கு சரிதான், கண் கட்டப்பட்டவருக்கு அடிக்கிறவன் முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். நற்செய்தியில் இருப்பதை அப்படியே நம்பி வரைந்திருக்கிறார்.

கீழே மாதா ஒரு பக்கம், சாமிநாதர் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருமே மேலே நடப்பதைப் பார்க்கவில்லை. சாமிநாதர் மடியில் புத்தகத்தை விரித்து வாசிக்கிறார், மேலே தெரிவது அவர் வாசிப்பதுதான் போல. அந்த அறையில் படுத்த துறவியும் அப்படித்தான் உட்கார்ந்து வாசித்திருப்பார். ஒரு ஆளுக்கு ஒரு படம். வேறு யாரும் பார்க்கப்போவதில்லை, கைதட்டப்போவதில்லை, போட்டோ கேட்கப்போவதில்லை. இத்தனையையும் விட்டுவிட ஆஞ்சலிக்கோவுக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்றால், பார்க்கிற ஆளுக்கு வேதம் தெரியும் என்கிற நம்பிக்கையில்தான். மிச்சத்தை அவன் ஜெபத்தில் வரைந்துகொள்வான்.

ஃப்ரா ஆஞ்சலிக்கோ இறந்தது 1455இல், ரோமில். சுமார் நூறு வருடம் கழித்து அவர் வாழ்க்கையை எழுதிய வசாரி, ஜெபம் செய்யாமல் அவர் தூரிகையைத் தொட்டதில்லை என்கிறார், சிலுவையை வரையும்போதெல்லாம் கண்ணீர் வழியுமாம், ஒரு தடவை வரைந்ததைத் திருத்தவே மாட்டாராம், அது கடவுள் சித்தம் என்பாராம். அழுதார் என்பதை நான் நம்புகிறேன். திருத்தமாட்டார் என்பதற்கு மட்டும் தொழில்காரனாக ஒரு குறுக்குக் கேள்வி உண்டு. ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் வரைகிற வேலை இது, அன்றன்றைக்கு முடிக்கிற அளவுக்கு மட்டும் பூசி, காய்வதற்குள் வண்ணத்தை ஏற்றியாக வேண்டும், காய்ந்தபின் தப்பு என்றால் சாந்தையே கொத்தி எடுக்க வேண்டும். சுண்ணாம்பின் சித்தமும் கொஞ்சம் இருந்திருக்கும். அக்காவிடம் சொன்னேன், "ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

தாழ்வாரக் கோடியில் சவொனரோலாவின் அறைகள். இதே மடத்தின் தலைவராக இருந்தவர், 1497இல் ஊர் நடுச் சதுக்கத்தில் ஆடம்பரப் பொருள்களோடு ஓவியங்களையும் குவித்துக் கொளுத்தியவர், மறு வருடம் அதே சதுக்கத்தில் அவரையே தூக்கிலிட்டு எரித்தார்கள். அவரும் தினமும் அந்த மாடிப்படி உச்சியில் நின்று மங்கள வார்த்தை சொல்லியிருப்பார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோசிமோவுக்கும் மேலே அறை உண்டு, மற்றவர்களுக்கு ஒன்று, அவருக்கு இரண்டு. அவர் அறைப் படத்தில் குழந்தை இயேசுவை வணங்க வந்த மூன்று ராஜாக்கள். பணக்காரரும் முழங்காலிடலாம் என்று சொல்ல வேறு எந்தக் காட்சி இருக்கிறது!

1.50க்கு மூடிவிடுவோம் என்று எழுதிப் போட்டிருந்ததால் கீழே ஓட்டமும் நடையுமாகத்தான் பார்த்தோம். மடத்து மண்டபத்தில் சுவரை அடைத்த ஒரு சிலுவைக் காட்சி, அதில் புனிதர்கள் கூட்டத்துக்குள் கோஸ்மாஸும் தமியானும் நிற்கிறார்கள், மெதிச்சி குடும்பத்தின் பாதுகாவல் புனிதர்கள். உபயதாரர் போட்டோ அப்போதே ஆரம்பித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டேன். இன்னொரு அறையில் லினன் துணி வியாபாரிகள் சங்கத்துக்கு 1433இல் அவர் ஒப்புக்கொண்டு செய்த பெரிய மாதா படம், தங்கத் தகடு தகதகக்க, சட்டத்தில் பன்னிரண்டு சம்மனசுகள் இசைக்கருவியோடு. நம் ஊர் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் எக்காளம் ஊதுகிற சம்மனசு இங்கே இருந்துதான் கிளம்பியிருக்கிறது. ஆக, தங்கமும் கூட்டமும் போடத் தெரியாதவர் இல்லை, மேலே வேண்டாம் என்று விட்டிருக்கிறார். அந்த ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது, அதில் கூலி 190 ஃபுளோரின் தங்கக் காசு, அல்லது அவர் மனசாட்சிக்குச் சரி என்று பட்டால் அதற்கும் குறைவாக. அக்கா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "உன் பில்லுல இப்படி ஒரு வரி சேக்கலாமே."

1984இல் இவரைக் கலைஞர்களுக்குப் பாதுகாவலராக அறிவித்தார்கள், அதற்கு இரண்டு வருடம் முன்பு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம். திரும்பி வந்ததும் ரோமில் அவர் கல்லறைக்கும் போனோம், சாந்த மரியா சோப்ரா மினெர்வா கோயிலில். அங்கே கேட்டதை இங்கே எழுத மாட்டேன்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு பங்குக் கோயிலில் தபசு காலத்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்துக்கு, பீடத்துணி கேட்டார்கள், ஆண்டவரை அடிக்கும் காட்சி. அகலம் பன்னிரண்டடி. நடுவில் கண் கட்டிய ஆண்டவர், ஒரே ஒரு கை, மிச்சம் முழுக்க வெறும் துணி. ஒளிக்கதிர் இல்லை, சேவகர் இல்லை, புறா இல்லை. பயந்துகொண்டேதான் விரித்துக் காட்டினேன். கமிட்டிக்காரர்கள் ரொம்ப நேரம் பேசவில்லை. வயசான அம்மா ஒருவர் கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, வந்து நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்புறம் செயலாளர் தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்த வலது பக்கம் நெறைய எடம் கெடக்கே, உபயதாரர் பேரை அங்க போட்டுருவோமா?"