தேனூர்காரன் நியூகாசிலுக்கு பஸ் ஏறுன கதை

பக்கத்து வீட்டு தாத்தா ரெண்டு நாளா என்கூட பேசல. குப்பைத்தொட்டிய வெளிய உருட்டிட்டு வர்றப்ப தினமும் "ஆல்ரைட், லவ்?"னு கேக்குற மனுசன், தலைய கூட நிமித்தாம போறாரு. (ஆமா, லவ்வுதான். இந்த யார்க்‌ஷயர்ல அதான் வட இங்கிலாந்துல, எழுபது வயசு கெழவரு மீசை வச்ச ஆம்பளைய பாத்து லவ்வுன்னுதான் கூப்பிடுவாரு. வந்த புதுசுல பொண்டாட்டிகிட்ட சொன்னப்ப அவ ஒரு வாரம் சிரிச்சா.) நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு பாத்தேன், ஒண்ணும் புரியல. முந்தின நாள் வேலி ஓரமா நின்னு அவரு ஒரு கேள்வி கேட்டாரு, நான் பதில் சொன்னேன், அவ்ளோதான். கேள்வி, "இந்த வருசம் மேஜிக்க லீட்ஸ்ல வைக்கிறானுங்களே, நீ என்ன நெனைக்கிற?" என் பதில், "நல்லதுதான தாத்தா, பக்கத்துலதான இருக்கு, பஸ் செலவு மிச்சம்."

இது நடந்தது 2024ல. நாங்க காசில்ஃபோர்டுக்கு வந்து அப்ப ஒன்றரை வருசம் ஆகியிருந்துச்சு. பொண்டாட்டி நர்ஸ், அவ விசாவுல ஒட்டிக்கிட்டு வந்தவன் நான், இங்க மோட்டார்வே ஓரமா வரிசையா நிக்கிற வேர்ஹவுஸ் ஒண்ணுல நைட் ஷிஃப்ட். லண்டன்னு நெனச்சு வந்தவனுக்கு இந்த ஊரு. அந்தக் காலத்துல நிலக்கரி சுரங்க ஊரு, எண்பதுகள்ல எல்லாத்தையும் மூடிட்டாங்க, கிளாஸ்ஹாட்டன் சுரங்கம் இருந்த எடத்துல இப்ப வருசம் முழுக்க செயற்கைப் பனியில சறுக்கி வெளையாடுற மால் நிக்குது. தாத்தா சுரங்கத்துல வேல பாத்தவரு. அந்த மால் பக்கம் போனா அவரு ஒண்ணும் பேசமாட்டாரு, கீழ தரைய மட்டும் பாப்பாரு.

சரி மேஜிக்னா என்னன்னு சொல்லிடுறேன், எனக்கே ஒரு வருசம் கழிச்சுதான் வெளங்குச்சு. ரக்பி லீக். நம்ம ஆளுங்க ரக்பின்னாலே ஒண்ணுன்னு நெனைப்போம், இங்க அப்படி சொல்லிப்பாருங்க, அடி விழும். 1895ல இங்கருந்து அரை மணி நேரம் தள்ளி ஹடர்ஸ்ஃபீல்டுல ஜார்ஜ் ஹோட்டல்னு ஒண்ணுல வடக்கத்தி கிளப்புங்க எல்லாம் கூடி, எங்க ஆளுங்க சனிக்கெழம வேலைய விட்டுட்டு வந்து ஆடுறான், அந்த நாள் கூலிய யாரு குடுப்பான்னு கேட்டு பிரிஞ்சு வந்தாங்க. சுரங்கத்துக்காரனும் மில்லுக்காரனும் உண்டாக்குன ஆட்டம். பக்கத்துக்கு பதிமூணு பேரு, ஆறு தடவ அமுக்கிட்டா பந்த எதிராளிகிட்ட குடுத்துரணும். மொத தடவ டிவியில பாத்தப்ப "அட, பந்த வச்சுக்கிட்டு கபடி ஆடுறானுங்க"ன்னுதான் தோணுச்சு. எங்க ஊருல ட்யூப்லைட் கட்டி விடிய விடிய நடக்குற கபடி மேட்ச்ல நாலு பேரு சேந்து ஒருத்தன அமுக்குவானுங்களே, அதே அமுக்கு.

இந்த ரக்பி லீக்கோட பெரிய போட்டியான சூப்பர் லீக்ல ஒவ்வொரு டீமும் வருசம் முழுக்க சொந்த ஊரு, அடுத்த ஊருன்னு மாறி மாறி ஆடும். அதுபோக ஒரே ஒரு ரவுண்டு மட்டும் எல்லா டீமும் ஒரே ஊருக்கு போயி, ஒரே ஸ்டேடியத்துல, சனி, ஞாயிறுன்னு ரெண்டு நாளும் ஆடுவாங்க (2025 வரைக்கும் பன்னெண்டு டீமு, நாளுக்கு மூணு மேட்ச்). அதுதான் மேஜிக் வீக்கெண்ட். எல்லா டீமோட சனமும் ஒரே எடத்துல. எந்த ஊருல வைக்கிறதுங்கறதுதான் வருசா வருசம் பஞ்சாயத்து. 2007ல கார்டிஃப்ல ஆரம்பிச்சானுங்க, ஆட்டத்த வேல்ஸ் பக்கம் பரப்பணுமாம். அப்புறம் எடின்பரோ, திரும்ப கார்டிஃப், அப்புறம் மான்செஸ்டர். 2015ல நியூகாசில். அங்க சூப்பர் லீக் டீமே கெடையாது, ஆனா ஒட்டிக்கிச்சு. 2016ல ரெண்டு நாளும் சேத்து 68,276 பேரு, 2025 வரைக்கும் அதுதான் ரெக்கார்டு. நடுவுல 2019ல ஒரு தடவ லிவர்பூல் ஆன்ஃபீல்டுக்கு போயிட்டு திரும்ப நியூகாசில். தாத்தாவும் அவரு கூட்டாளிங்களும் ஒரே ஹோட்டல், ஒரே பப், அப்படி ஒரு பழக்கம். அத தூக்கி 2024ல லீட்ஸ்ல எல்லண்ட் ரோடு ஸ்டேடியத்துல வச்சுட்டாங்க.

லீட்ஸ். அங்கதான் நான் வாய விட்டுட்டேன். 2017ல காசில்ஃபோர்டு மொத்த சீசனும் டேபிள்ல மொத எடம் புடிச்சு, சரித்திரத்துலயே மொத தடவையா கிராண்ட் ஃபைனல் போயி, அங்க 24-6னு தோத்துச்சு. தோத்தது யாருகிட்ட? லீட்ஸ்கிட்ட. இது எனக்கு பின்னாடி அவரு வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். பங்காளி வீட்டுல நம்ம குலசாமி கும்பிட வைக்கிறது பத்தி "பக்கத்துலதான, நல்லதுதான"ன்னு சொல்லியிருக்கேன் நான்.

மூணாவது நாள் அவரா வந்து வேலியில கைய ஊனிக்கிட்டு சொன்னாரு, "பக்கத்துல இருந்தா அது வெளியூர் போறது இல்ல லவ். மேட்ச் பாத்துட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்குறதுக்கு எதுக்கு மேஜிக்கு?"

அதக் கேட்டதும் எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம் வந்துருச்சு, ஆனா அப்பத்தா கட்சி நேர் எதிரு. நான் தேனூர்க்காரன். மதுரக்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல, மத்தவங்களுக்கு சொல்றேன். கள்ளழகரு இப்ப மதுரையில ஆத்துல எறங்குறாருல்ல, அது அந்தக் காலத்துல எங்க தேனூர்லதான் எறங்குனாரு. திருமலை நாயக்கர்தான் மாசியில நடந்த மீனாட்சி கல்யாணத்த சித்திரைக்கு கொண்டாந்து, அழகரையும் மதுரப் பக்கம் திருப்பி, ரெண்டு திருவிழாவையும் ஒண்ணா சேத்துட்டாருன்னு சொல்லுவாங்க. கூட்டம் சேரணும், தேரு இழுக்க ஆளு வேணும், சைவமும் வைணவமும் ஒண்ணு கூடணும்னு காரணம் சொல்லுவாங்க. எல்லாம் நல்ல காரணந்தான். நானூறு வருசம் ஆகப்போகுது, எங்க அப்பத்தாவுக்கு மட்டும் கோவம் போகல. "எங்க சாமிய ஓட்டிட்டு போயிட்டான் நாயக்கன்"னு ஏதோ போன வாரம் மாட்ட ஓட்டிட்டுப் போன மாதிரி பேசும். வண்டியூர்ல மண்டூக முனிவருக்கு மோட்சம் குடுக்குற மண்டபத்துக்கு தேனூர் மண்டபம்னு பேரு இருக்குல்ல, அதுதான் எங்களுக்கு மிஞ்சுன கௌரவம். வருசா வருசம் அப்பத்தா திட்டிக்கிட்டே புளிச்சோறு கட்டும், திட்டிக்கிட்டே பஸ் ஏறும், அழகரு தங்கக் குதிரையில வர்றத பாத்ததும் கண்ணுல தண்ணி ஊத்தும். கெளம்புற அன்னைக்கு காலையில மொதக் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "ஆத்துல தண்ணி விட்டுட்டாய்ங்களா?"

எங்கயோ போயிட்டேன். லீட்ஸுக்கு வாரேன்.

தாத்தா சொன்னதுதான் நடந்துச்சு. 2024 ஆகஸ்ட்ல லீட்ஸ் போனோம், ஸ்டேஷன்ல எறங்குனா ஸ்டேடியத்துக்கு அரை மணி நேரம் நடை, ஊருக்கு வெளிய, பக்கத்துல சுத்திப் பாக்க ஒண்ணும் இல்ல. மேட்ச் முடிஞ்சதும் அவனவன் வீட்டுக்கு. ராத்திரி பத்து மணிக்கு எங்க வீட்டு சோஃபாவுல ஒக்காந்து ரசம்சோறு தின்னுக்கிட்டு இருந்தேன், திருவிழாவுக்கு போயிட்டு வந்தவன் மாதிரியே இல்ல, ரேஷன் கடைக்கு போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சு.

2025ல திரும்ப நியூகாசில்னு அறிவிச்சதும் தாத்தா கதவ தட்டி சொன்னாரு. ஜனவரியிலயே பஸ்ஸுக்கு பேர் குடுத்தாச்சு. மே 3, 4. அழகரு எறங்குறது மே 12. ஒரு வாரந்தான் வித்தியாசம்.

போட்டுக்க காசில்ஃபோர்டு ஜெர்சி இல்ல, அது விக்கிற வெலைக்கு ஊருல ஒரு மாச மளிக வாங்கலாம். அவங்க கலரு மஞ்சக் கருப்பு. என்கிட்ட இருந்த மஞ்ச ஒண்ணே ஒண்ணுதான், சிஎஸ்கே ஜெர்சி, முதுகுல தோனி 7. உள்ள ரெண்டு ஸ்வெட்டரு, மேல தோனி. தாத்தா மேலயும் கீழயும் பாத்துட்டு "பரவால்ல, தூரத்துல நின்னா தெரியாது"ன்னாரு.

அப்பத்தா இல்ல, ஆனா புளிச்சோறு கட்டாம வெளியூருக்கு எப்படி கெளம்புறது. ராத்திரியே புளிக்காய்ச்சல் பண்ணி, நல்லெண்ணெய் தூக்கலா ஊத்தி, வேர்க்கடல போட்டு, அவிச்ச முட்ட நாலு. பஸ்ல ஒண்ணர மணி நேரம் ஆனதும் அலுமினிய ஃபாயில பிரிச்சேன். பெருங்காய வாசன பஸ்ஸு முழுக்க அடிச்சுச்சு. முன்னாடி சீட்டுல இருந்தவங்க எல்லாம் ஒரே நேரத்துல திரும்புனாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிருச்சு, மூடிரலாமான்னு பாத்தேன். தாத்தா தின்னுக்கிட்டு இருந்த பன்னிக்கறி பலகாரத்த (போர்க் பை) கீழ வச்சுட்டு கைய நீட்டுனாரு. ஒரு வாய் எடுத்தாரு, ரெண்டு வாய் எடுத்தாரு, மூணாவது வாயில நான் சொல்றதுக்குள்ள முழு வரமிளகாய கடிச்சுட்டாரு. மூஞ்சி செவந்து, கண்ணுல தண்ணி, ஃபிளாஸ்க் டீய அப்படியே ஊத்திக்கிட்டாரு. நான் செத்தேன்டான்னு நெனச்சேன். மூச்சு வந்ததும் பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி "இதுல மிளகா இல்ல, குண்டு இருக்குது"ன்னாரு. அப்புறம் பின்னாடி சீட்டு அம்மா ஒரு கரண்டி கேட்டாங்க, மிளகா இல்லாம.

நியூகாசில் நெருங்குறப்ப ரோட்டோரம் மேட்டு மேல ஒரு பெரிய இரும்புச் சில, ரெக்கைய விரிச்சுக்கிட்டு நிக்குது, ரெக்கை மட்டும் 54 மீட்டராம். ஏஞ்சல் ஆஃப் தி நார்த். பஸ்ல எல்லாரும் கத்துனாங்க. எனக்கு எங்க ஊரு எல்லையில குதிரையோட நிக்கிற அய்யனாருதான். என்னையறியாம கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

ஏன் எல்லாருக்கும் இந்த ஊரு புடிக்குதுன்னு எறங்குன பத்தாவது நிமிசம் தெரிஞ்சுது. செயிண்ட் ஜேம்ஸ் பார்க் ஸ்டேடியம் ஊருக்கு நடுவுலயே மேட்டுல கோயில் கோபுரம் மாதிரி நிக்குது, எந்தத் தெருவுல நின்னாலும் தெரியுது, ஸ்டேஷன்லருந்து நடந்தே போயிரலாம், நம்ம மாசி வீதிகள்ல சுத்துற மாதிரி பன்னெண்டு கலர் ஜெர்சியும் தெருத்தெருவா சுத்துது. 52,000 பேரு ஒக்கார்ற எடம். காசில்ஃபோர்டு மைதானத்த நாலு தடவ உள்ள வைக்கலாம். உள்ளூர் டீம் இல்லாததால யாருக்கும் சொந்தம் இல்ல, அதனாலயே எல்லாருக்கும் சொந்தம். கால்பந்துக்கு பிரிச்சு ஒக்கார வைக்கிற மாதிரி இங்க பிரிக்கிறதில்ல, எனக்கு எடது பக்கம் ஹல் டீம்காரரு, வலது பக்கம் விகன் டீம்காரரு. லீட்ஸ் வந்தா மட்டும் மத்த எல்லா ஊரும் சேந்து ஊளையிடுது, தாத்தா மொகத்துல அப்படி ஒரு சந்தோசம். விகன்காரர் என் ஜெர்சிய தடவிப் பாத்து "இது எந்த டீமு?"ன்னாரு. சென்னைன்னேன். "எந்த டிவிஷன்ல ஆடுறாங்க?"ன்னாரு. தோனி மன்னிக்கணும், செகண்ட் டிவிஷன்னு சொல்லிட்டேன், வெளக்க ஆரம்பிச்சா மேட்ச் போயிரும்.

ஆனா அந்த சென்னைங்கற வார்த்தையில கொஞ்ச நேரம் மாட்டிக்கிட்டேன். 2018ல காவிரிப் போராட்டத்துல சேப்பாக்கத்துல ஒரு மேட்ச் நடந்ததும் மிச்ச மேட்ச் எல்லாத்தையும் புனேவுக்கு மாத்துனாங்களே, ரசிகருங்களுக்கு தனி ரயிலு விட்டாங்களே. அப்ப புனேல மஞ்சச் சட்ட போட்டவன பாத்து டிவி முன்னாடி ஒக்காந்து "நம்ம டீம ஓட்டிட்டு போயிட்டாய்ங்க"ன்னு நான்தான் கத்துனேன். அப்பத்தா வாயிதான் எனக்கு.

இப்ப நான் இந்த ஊருக்காரன் ஆயிட்டேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். குப்பைத்தொட்டி நாளு தெரியும், வேர்ஹவுஸ்ல எவனையும் பாத்து லவ்வுன்னு சொல்றேன், மழைய பத்தி முழுசா பத்து நிமிசம் பேச வரும். ஆனா மே 12 அன்னைக்கு இங்க விடியறதுக்கு முன்னாடியே நைட் ஷிஃப்ட்ல, வேர்ஹவுஸ் கக்கூஸ்ல ஒளிஞ்சு நின்னு ஃபோன்ல அழகர பாத்துக்கிட்டு இருந்தேன். சூப்பர்வைசர் கதவ தட்டுறான், உள்ள "கோவிந்தா"ன்னு சத்தம்.

2026க்கு எடம் மாத்திட்டாங்க. லிவர்பூல், எவர்டனோட புது ஸ்டேடியம். நியூஸ் பாத்ததும் நான்தான் மொதல்ல வேலிக்கு ஓடுனேன். "அநியாயம் தாத்தா, செயிண்ட் ஹெலன்ஸ்காரனுக்கு அது வீட்டு வாசல், நாம மலையத் தாண்டி லங்காஷயர் பக்கம் போகணும், இதுல என்ன பொது எடம்? நியூகாசில்ல என்ன கொறச்சல்? கேக்க ஆளு இல்லையா?"ன்னு நான் கத்துறேன், தெருவே பாக்குது. பொண்டாட்டி ஜன்னல்லருந்து "தேனூர்காரன் புத்தி எங்க போகும்"னு சிரிக்கிறா. தாத்தா பொறுமையா பைப்ப தட்டிக்கிட்டு, "புது ஸ்டேடியம் மெர்சி ஆத்தங்கரையிலயே கட்டியிருக்கானுங்க லவ், நல்லா இருக்குமாம்"னாரு.

"ஆத்துல தண்ணி இருக்குமா?"ன்னு கேட்டுட்டேன்.

அவரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு.