ஜாங் நிங்குக்கு நடுவில் போன பத்து வருடம்

வாலாஜாவுக்குப் பக்கத்தில், தகர ஷீட் போட்ட ஒரு ஷெட்டில்தான் நாங்கள் ஷட்டில் ஆடுகிறோம். மே மாதத்தில் காலை ஐந்தரை மணிக்கே உள்ளே அனல் அடிக்கும். ஃபேன் போட்டால் காக் (நாங்கள் அடிக்கும் இறகுப் பந்து) ஒதுங்கிப் போய்விடும், அதனால் போட மாட்டோம். ஏழு மணி வரை ஆடிவிட்டு வீட்டுக்கு ஓடிச் சமைத்து வைத்து, எட்டரைக்கு ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றாக வேண்டும். எனக்கு 41 வயது. பள்ளியில் விட்ட ஆட்டத்தை மூன்று வருடம் முன்புதான் மறுபடி தொட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்தாவது படிக்கும் ஒரு பெண், தன்னைவிட மூன்று வயது சின்னவளிடம் மூன்றாவது கேமில் தோற்றுவிட்டாள். பேட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "சின்னப் பொண்ணுக்கா அவ. எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க" என்றாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவளுக்கு ஜாங் நிங் கதையைச் சொன்னேன்.

"யாருக்கா அது, சைனாவா?"

ஆமாம், சைனா. லியாவ்நிங் மாகாணத்து ஜின்ஜோ ஊர்க்காரி, 1975 மே மாதம் பிறந்தவர். 1994-ல் ஜகார்த்தாவில் ஊபர் கோப்பை, அதாவது பெண்கள் அணிகளுக்கான உலக ஷட்டில் போட்டியின் இறுதி ஆட்டம். சீனாவும் இந்தோனேசியாவும் இரண்டுக்கு இரண்டு. கடைசி சிங்கிள்ஸ் ஆடுகிறவர் கையில்தான் கோப்பை. சீனா பக்கம் ஜாங் நிங், எதிரே சொந்த ஊர்க் கூட்டத்தின் நடுவில் மியா ஆடினா. மியாவுக்கு அப்போது 14 வயது. மூன்று கேம் போனது, மியா ஜெயித்தார். ஒரு நாட்டுக் கோப்பையே தன் கையிலிருந்து நழுவினால் எப்படி இருந்திருக்கும்?

அதற்கப்புறம் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஜாங் நிங் இல்லை. 2000 சிட்னியிலும் இல்லை. அங்கே தங்கம் வாங்கியது சீனாவின் இன்னொரு பெண், கொங் ஜிச்சாவ். சீன அணியில் இடம் கிடைப்பது அவ்வளவு நெருக்கடி. 25 வயதில் ஒலிம்பிக் வாசலையே பார்க்காதவர் கிளம்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. 2003-ல் பர்மிங்காமில் உலக சாம்பியன். 2004-ல் 29 வயதில் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக். இறுதி ஆட்டத்தில் வலைக்கு அந்தப் பக்கம் யார் தெரியுமா? அதே மியா ஆடினா. முதல் கேம் 8-11 போனது. அடுத்த இரண்டும் 11-6, 11-7. தங்கம்.

இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'பத்து வருடக் கணக்கைத் தீர்த்தார்' என்று இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவரைப் பற்றிப் பேசவேண்டியதே இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

ஏதென்ஸில் ஆடியது பழைய பாயிண்ட் கணக்கு. நான் பள்ளியில் ஆடியதும் அதுதான். சர்வீஸ் போடுகிறவருக்கு மட்டும்தான் பாயிண்ட் ஏறும், பெண்கள் சிங்கிள்ஸில் 11 எடுத்தால் கேம். எதிராளி சர்வீஸில் ராலியை, அதாவது காக் விழும்வரை மாறி மாறி அடிப்பதை, நீங்கள் எடுத்தால் சர்வீஸ் மாறும், அவ்வளவுதான். பொறுமையாக ஆடுகிறவருக்கு அதில் மூச்சுவிட நேரம் இருந்தது. 2006-ல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். 21 பாயிண்ட், யார் போட்ட சர்வீஸாக இருந்தாலும் ஒவ்வொரு ராலிக்கும் பாயிண்ட். கை தவறி ஒரு காக் வெளியே போனால் உடனே ஒன்று போச்சு. நான் திரும்பி வந்தபோது இந்தக் கணக்கு மனதில் உட்காரவே பல மாதம் ஆனது. ஜாங் நிங் 31 வயதில், உலகத்தின் உச்சியில் நின்றுகொண்டு, அதைப் புதிதாகப் பழகவேண்டியிருந்தது.

அந்த வருடங்களில் தோல்வியும் சும்மா வரவில்லை. 2005 உலகப் போட்டி இறுதியில் சியே ஷிங்ஃபாங்கிடம் தோற்றார். 2006-ல் மாட்ரிட்டில் மறுபடி இறுதி ஆட்டம், மறுபடி சியே, மறுபடி தோல்வி. இருவரும் ஒரே சீன அணி, சியே ஆறு வயது இளையவர். தன்னைவிடச் சின்னவளிடம் தோற்பது ஜாங் நிங்குக்கு 14 வயது மியாவோடு முடிந்துவிடவில்லை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக். அப்போது எனக்கு 24, கையில் குழந்தை. நம்ம சாய்னா நேவாலுக்காகத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். காலிறுதியில் இந்தோனேசியாவின் மரியா கிறிஸ்டினோடு மூன்றாவது கேமில் 11-3 என்று முன்னால் இருந்துவிட்டு சாய்னா தோற்றபோது எனக்குச் சோறே இறங்கவில்லை. அந்த மரியாவை அரையிறுதியில் ஜாங் நிங் வென்றார். இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. எதிரே சியே ஷிங்ஃபாங்! ஜாங் நிங் முதல் கேமை 21-12 என்று எடுத்தார், இரண்டாவதை 10-21 என்று விட்டார். மூன்றாவது கேம் ஆரம்பித்ததும் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். யாரிடம் போய்க் கேட்பது? மறுநாள் பேப்பரில்தான் பார்த்தேன்: 21-18. வயது 33. பெண்கள் ஒற்றையரில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அதுவும் ஒன்று பழைய கணக்கில், ஒன்று புதுக் கணக்கில்.

அந்தக் கடைசி கேமைப் பல வருடம் கழித்து யூட்யூபில்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்கும் போனில் போட்டுக் காட்டினேன். கண் எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும் ஜாங் நிங் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த மியா என்னாக்கா ஆனாங்க?"

மியா 1996 ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவுக்கு ஆடி வெள்ளி வாங்கினார். கல்யாணமாகி நெதர்லாந்து போய், 2004-ல் அந்த நாட்டுக்கு ஆடினார். அதுவும் வெள்ளி.

"ரெண்டு வாட்டியும் பைனலா? ரெண்டு வாட்டியும் போச்சா?" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க மேட்ச் இருந்தா போடுக்கா" என்று போனை என் கையில் கொடுத்தாள்.