ஆடிப்பட்டத்துக்கு முன்பே விளம்பரம் கேளுங்கள்

மாடித்தோட்டம் பற்றித் தமிழில் எழுதும் ஒரு வலைப்பதிவுக்கு மாதம் 15,000 பார்வைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பதிவில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் சேவை 2018-இல் தமிழை ஏற்றுக்கொண்டதிலிருந்து பலரும் அதை இணைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். இந்த அளவு பார்வைக்கு அது சேர வெகுகாலம் ஆகும். ஆனால் தக்காளி இலை ஏன் சுருள்கிறது என்று தேடி வந்து கடைசி வரி வரை படிப்பவர், அடுத்த வாரமே வேப்பெண்ணெய் வாங்கக்கூடிய ஆள். அதை விற்பவரிடம் நேராகப் போய்ப் பேசுவதுதான் சிறு பதிவுக்கு ஏற்ற வழி.

யாரிடம் கேட்பது? தேடலில் இருந்து யார் எதைத் தேடி வந்தார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் கடந்த மூன்று மாத அறிக்கையைத் திறந்து, தேடலில் அதிகம் திறக்கப்படும் பத்துப் பதிவுகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும், அதைப் படித்தவர் அடுத்து என்ன வாங்குவார் என்று குறியுங்கள். மண் கலவை என்றால் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) மண்புழு உரமும். பூச்சி என்றால் வேப்பெண்ணெயும் கைத்தெளிப்பானும். பிறகு மெட்டாவின் விளம்பர நூலகத்தில் அந்தச் சொற்களைத் தேடுங்கள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இப்போது காசு கொடுத்து விளம்பரம் செய்பவர்கள் யார் என்பதை அங்கே யாரும் இலவசமாகப் பார்க்கலாம். விளம்பரத்துக்குச் செலவழித்துப் பழகியவரிடம் பேசுவது எளிது. கூரியரில் அனுப்புபவரா என்றும் பாருங்கள். சென்னையில் நேரில் மட்டும் விற்கும் நர்சரிக்கு மதுரை வாசகரால் பயனில்லை. கோகோபீட் கட்டிகளை ஊர் ஊராக அனுப்பும் பொள்ளாச்சிக்காரருக்கு எல்லா ஊர் வாசகரும் வேண்டும்.

காலமும் முக்கியம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது விளம்பரத்துக்கும் பொருந்தும். ஆடி பிறப்பது ஜூலை நடுவில். அப்போது போய்க் கேட்டால் விதைக்காரர் பார்சல் கட்டவே நேரமில்லாமல் இருப்பார். வைகாசிக் கடைசியில் பேசி, ஆனியில் விளம்பரம் ஓடத் தொடங்க வேண்டும். தைப்பட்டத்துக்குக் கார்த்திகையில் கேளுங்கள்.

அனுப்பும் கடிதம் ஒரு பக்கம் போதும்: மூன்று மாத வாசகர் எண்ணிக்கையின் ஸ்கிரீன்ஷாட், முதல் ஐந்து பதிவுகள், எந்தெந்த ஊரிலிருந்து வாசிக்கிறார்கள் என்ற விவரம். தொடங்கிய நாள் முதல் இத்தனை லட்சம் பார்வை என்று எழுதாதீர்கள். அதை வைத்து யாராலும் எதையும் கணக்கிட முடியாது. அவருடைய பொருளைப் போட்டு 300×250 பிக்சல் அளவில் மாதிரிப் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் பேச்சு பாதி முடிந்த மாதிரி.

விலையைத்தான் பலர் குருட்டாம்போக்கில் சொல்கிறார்கள். விற்பவர் பக்கம் இருந்து கணக்குப் போடுங்கள். 15,000 பார்வையில் 200-க்கு ஒருவர் விளம்பரத்தைத் தொட்டால் 75 பேர். அதில் 15 பேர் விசாரித்து, 6 பேர் வாங்கி, ஒவ்வொருவரிடமும் 250 ரூபாய் லாபம் நின்றால் மொத்தம் 1,500 ரூபாய். இதற்கு 3,000 ரூபாய் கேட்டால் அவர் ஒரு மாதத்தோடு விலகிவிடுவார். 700 அல்லது 800 கேட்டால் அடுத்த பட்டத்துக்கும் இருப்பார். மூன்று விற்பனையாளர்கள் அப்படி நிலைத்தால் பதிவின் செலவு போக மிச்சமும் நிற்கும். மேலே சொன்ன விகிதங்கள் கணக்குக்காக வைத்தவை. முதல் மாதம் ஓடியதும் உங்கள் உண்மையான எண்களைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த உண்மை எண்களைப் பிடிக்க, பேனரைத் தொட்டால் விற்பனையாளரின் வாட்ஸப் திறக்கும்படி இணைப்பு கொடுங்கள். அதில் "மாடித்தோட்டப் பதிவில் பார்த்தேன், விலை என்ன?" என்ற வரி தானாக நிரம்பியிருக்கட்டும். எத்தனை விசாரணை உங்களால் வந்தது என்பது அவர் கைப்பேசியிலேயே தெரிந்துவிடும். சிறு கடைக்காரர் வரைபடங்களை நம்புவதைவிட இதை நம்புவார்.

அடிக்கடி நேரும் கோளாறுகள் சில உண்டு. படக் கோப்பின் பெயரில் பேனர், ஆட் போன்ற சொற்கள் இருந்தால் விளம்பரத் தடுப்பான்கள் அதை மறைத்துவிடலாம். காசு கொடுத்தவர் திறந்து பார்த்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். பொருளின் பெயரையே கோப்புக்கு வையுங்கள். பக்கப்பட்டியில் போட்டால், பல வார்ப்புருக்களில் அது கைப்பேசியில் கட்டுரைக்கும் கீழே போய்விடும். இரண்டாம் பத்தி முடிந்ததும் போடுவது மேல். படத்தின் அகல உயரத்தை நிரலில் குறிக்காவிட்டால், அது வந்து விழும்போது படிக்கும் வரி துள்ளி நகரும். படம் 150 கேபிக்குள் இருக்கட்டும்.

காசு வாங்கிய இணைப்புக்கு "ஸ்பான்சர்டு" என்ற குறியீட்டை நிரலில் சேர்க்க வேண்டும். கூகுள் 2019-இல் இதை அறிமுகப்படுத்தியது. அந்தக் குறியீடு இல்லாமல் இணைப்பு கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதவே வேண்டாம். அப்படி இணைப்பு கொடுத்துத் தேடலில் உங்கள் இடம் இறங்கினால் விற்பதற்கு எதுவும் மிஞ்சாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளின் விளம்பரத்தை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. எவ்வளவு தந்தாலும் தொடாதீர்கள்.

இலவசமாக விதை வாங்கிக்கொண்டு எழுதினாலும் அது விளம்பரம்தான். பதிவின் தலைப்பை ஒட்டியே "விளம்பரம்" என்று போடுங்கள். அடியில் பொடி எழுத்தில் ஒளிப்பது வாசகருக்குச் செய்யும் துரோகம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தவறான விளம்பரத்துக்குத் துணைபோனால் முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். "இந்த உரம் போட்டால் இரட்டிப்பு மகசூல்" போன்ற வாசகங்களை விற்பவர் கொடுத்தாலும் வெட்டிவிடுங்கள்.

மூன்று மாதப் பணத்தை முன்பணமாக வாங்கி, வரிசை எண்ணும் பான் எண்ணும் போட்டு பில் கொடுங்கள். விளம்பரம் தருபவர் நிறுவனமாக இருந்தால் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடிக்கக்கூடும். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் வரை பிடிப்பார்கள். மாதம் முடிந்ததும் பார்வை, தொடுதல், விசாரணை ஆகிய மூன்று எண்களையும் அவருக்கு அனுப்புங்கள். தொடுதல் குறைவாக இருந்தால் படத்தை மாற்றுங்கள். தொடுதல் இருந்தும் விசாரணை வராவிட்டால் இணைப்பைத் தட்டிச் சோதியுங்கள். விசாரித்தவர்கள் வாங்கவில்லை என்றால் பெரும்பாலும் கூரியர் கட்டணம்தான் காரணம். அதை விலையோடு சேர்த்துச் சொல்லும்படி விற்பவரிடம் பேசிப் பாருங்கள்.